ஷிப்ட் வாசலில் நிற்கும் வண்டிகள்: ஓசூர் சாலை நகராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளி நகராட்சிகளின் மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பெங்களூரின் ஓசூர் சாலையில் சந்தாபுராவுக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஆதார் நகல், பிஎஃப் பணம் எடுக்கும் விண்ணப்பம், பேங்க் லோன் படிவம், பிள்ளைகளின் ஸ்கூல் அட்மிஷன் என்று இந்தப் பக்கத்து ஜனங்களின் காகிதங்கள் பலவும் என் மேஜைக்கு வந்துதான் போகின்றன. எழுதத் தெரியாதவர்களுக்கு நானே பூர்த்தி செய்து கொடுக்கிறேன். இந்த மடலின் கன்னடப் பிரதியை உங்கள் நான்கு அலுவலகங்களிலும் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்வேன். தமிழிலும் எழுதக் காரணம் இருக்கிறது. யாருடைய பிழைப்புக்காகக் கேட்கிறேனோ, அந்தத் தள்ளுவண்டி வியாபாரிகளில் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். தங்கள் பெயரைச் சொல்லி என்ன கேட்கப்படுகிறது என்று அவர்கள் படித்துப் பார்க்க வேண்டும். கேட்பது அவர்களுக்கு மட்டுமானது அல்ல. அதே வரிசையில் கன்னடக்காரர், தெலுங்குக்காரர், பானிபூரி விற்கும் பீகார் பையன், எல்லோரும்தான் நிற்கிறார்கள்.

நம் ஊர்களில் வேலைவாய்ப்பு என்று பேச்செடுத்தாலே பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளைத்தான் சொல்வார்கள். சொல்வது சரிதான். மருந்து, மெஷின் பார்ட்ஸ், பிளாஸ்டிக், பேக்கிங், கார்மெண்ட்ஸ் என்று எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்கு அங்கிருந்துதான் சோறு வருகிறது. ஆனால் அந்தத் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே விடியற்காலை இட்லிக் குண்டானோடு நிற்கும் தள்ளுவண்டி எந்தக் கணக்கில் வருகிறது? உங்கள் பதிவேட்டில் அது பெரும்பாலும் ‘ஆக்கிரமிப்பு’ என்ற தலைப்பில்தான் வருகிறது. அதை ‘வேலைவாய்ப்பு’ என்ற தலைப்புக்கு மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஏன் என்று விளக்க, ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டிஃபன் வண்டி வைத்திருக்கும் ஓர் அக்கா பக்கங்கள் கிழிந்துபோன தன் கணக்கு நோட்டை, புது நோட்டுக்கு மாற்றி எழுதித் தரச் சொல்லி என் கடைக்குக் கொண்டுவந்தார். ரப்பர் பேண்ட் போட்ட நீள நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘நீல ஹெல்மெட்’, ‘பெயின்ட் ஷாப் உயரமான தம்பி’, ‘ஒடிசா 3’, ‘கண்ணாடிக்காரர், நைட்’ என்று எழுதியிருந்தது. பாதிப் பேரின் பெயர் அவருக்குத் தெரியாது. அவர்கள் பேசும் பாஷையும் தெரியாது. ஆனால் யார் எந்தத் தேதியில் எத்தனை இட்லி சாப்பிட்டார்கள், யார் ஊருக்குப் போக 500 ரூபாய் கைமாற்று வாங்கிப் போனார்கள் என்று ஒன்று விடாமல் அதில் இருந்தது. கீழே, சம்பளம் வந்ததும் குறுக்கே ஒரு கோடு. சில பக்கங்களில் இரண்டு மாதமாகக் கோடு விழவில்லை.

இந்த நோட்டின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு ஒரு தொழிலாளி காலை டிஃபனுக்கு 30 ரூபாய், மதியச் சாப்பாட்டுக்கு 60 ரூபாய் என்று வையுங்கள். மாதத்தில் 26 நாள் வேலை என்றால் 2,340 ரூபாய். இப்படி 20 பேர் ஒரு வண்டியில் கணக்கு வைத்தால் 46,800 ரூபாய். அந்தப் பணம் மாதம் முழுக்க அக்காவின் கையை விட்டு வெளியே நிற்கிறது, வட்டி இல்லாமல், ஜாமீன் இல்லாமல். அரிசியும் உளுந்தும் கேஸ் சிலிண்டரும் அவருக்குக் கடனில் வருவதில்லை. எனவே அவர் தண்டல்காரரிடம் போகிறார். 10,000 ரூபாய்க் கடன் என்றால் கையில் கொடுப்பது 9,000, தினம் நூறு ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். மழையென்றாலும் காய்ச்சலென்றாலும் சாயங்காலம் பைக்கில் ஆள் வந்துவிடுவார்.

இந்தக் கடன் எதற்காகத் தேவைப்படுகிறது? தொழிலாளிக்குச் சம்பளம் தாமதமாக வருவதால். சம்பளத்தை அடுத்த மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது 1936ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே இருக்கும் விதி. கம்பெனி ரோலில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் நடந்துவிடுகிறது. காண்ட்ராக்ட் ஆட்களுக்குத்தான் இழுத்தடிப்பு. கம்பெனி பில் பாஸ் பண்ணவில்லை என்பார் காண்ட்ராக்டர். காண்ட்ராக்டருக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள் உள்ளே. காண்ட்ராக்டர் கொடுக்கத் தவறினால் பிரதான கம்பெனியே அந்தச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனாலும் 15ஆம் தேதி, 20ஆம் தேதி என்று நாட்கள் போகின்றன. புதிதாக வந்த பையன் அதுவரை எதைச் சாப்பிடுவான்? முதல் மாதம் அவன் கையில் ஒன்றுமே இருக்காது. பி.ஜி. விடுதிக்காரர் அட்வான்ஸ் கேட்பார், ஹோட்டலில் கடன் கிடையாது. தள்ளுவண்டிதான் அவனை அந்த முதல் மாதம் தாண்ட வைக்கிறது. கம்பெனிகளுக்கு ஆள் கிடைப்பதும், கிடைத்த ஆள் முதல் வாரத்திலேயே ஊருக்கு ஓடிப்போகாமல் நிற்பதும் இந்த நோட்டின் தயவில்தான்.

ஆகவே, ஒரு வண்டியைத் தூக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குண்டானும் அடுப்பும் போவது ஒரு பக்கம். வண்டி எங்கே போனது என்று தெரியாமல் ‘நீல ஹெல்மெட்’ வேறு கேட்டுக்கு மாறிப் போய்விடுவான், அவன் பக்கத்தில் கோடு விழவே விழாது. அந்த 46,800 ரூபாயில் எவ்வளவு திரும்பும்? தண்டல் மட்டும் நிற்காது. ஒருநாள் அப்புறப்படுத்தலில் ஒரு குடும்பம் ஒரு வருடத்துக்கு எழுந்திருக்க முடியாமல் போகிறது. ‘சாலையை ஒழுங்குபடுத்தினோம்’ என்று கோப்பில் எழுதும்போது இந்த இழப்பு எங்கேயும் பதிவாவதில்லை.

இதைத் தடுக்கப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். தெரு வியாபாரிகள் சட்டம் 2014ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அப்புறப்படுத்தியே ஆக வேண்டுமானால் 30 நாள் நோட்டீஸ். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். பட்டியல் என்ற ஒன்று உண்டு என்பதே எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. குழு அமைத்திருந்தால் அதைக் கூட்டுங்கள், கூட்டத் தீர்மானத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அமைக்காமல் இருந்தால் தேர்தல் வைத்து அமையுங்கள். உங்களுக்கு வேண்டியவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து அதையே குழு என்று சொல்ல வேண்டாம்.

சட்டத்தின் அட்டவணையில் இன்னொரு வரி இருக்கிறது. வாங்குபவரும் விற்பவரும் தானாகக் கூடிக் கூடி உருவான சந்தையை, கணக்கெடுப்பில் அப்படிக் கண்டறிந்தால், விற்பனைக்குத் தடை செய்த பகுதியாக அறிவிக்க முடியாது. ஷிப்ட் மாறும் கேட்டைவிடத் தானாக உருவான சந்தை வேறெது? காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 10 மணி என்று மூன்று வேளையும் கூட்டம் வருகிறது, அரை மணியில் கலைகிறது. இடையில் சாலை காலி. வண்டிக்கு நாள் முழுக்க இடம் வேண்டாம், அந்த வேளைக்கு இருந்தால் போதும். நேரம் குறித்து இடம் கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. போக்குவரத்து போலீசோடு உட்கார்ந்து ஒரு மாலையில் பேசி முடிக்கக்கூடிய விஷயம் இது.

மெட்ரோ வந்த பிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் தடம் திறந்தார்கள், 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். பஸ் ஸ்டாப்பை நம்பி நின்ற கூட்டத்தில் ஒரு பகுதி தூண்களின் அடிக்கு நகர்ந்தது, வண்டிகளும் பின்னாலேயே நகர்ந்தன. கடைசி நிலையம் என்பதால் பொம்மசந்திராவில் இறங்கி அத்திப்பள்ளி, ஓசூர் பக்கம் போகிறவர்கள் ஒரு டீயாவது குடித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இப்போது கணக்கெடுத்தால் இந்தப் புது இடங்களும் சந்தையாகப் பதிவாகும். தாமதித்தால், அழகுபடுத்தும் டெண்டர் முதலில் வந்துவிடும்.

சான்றிதழ் கையில் இல்லாததால் நஷ்டம் இன்னொரு பக்கத்திலும் இருக்கிறது, அதை நான் தினமும் என் மேஜையில் பார்க்கிறேன். தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான பிஎம் ஸ்வாநிதி கடன் 2020இல் வந்தது. 2025இல் அதை மாற்றி முதல் தவணை 15,000, அடுத்தது 25,000, அதற்கடுத்து 50,000 ரூபாய் என்று ஆக்கி, 2030 மார்ச் வரை நீட்டியிருக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம். தண்டலிலிருந்து ஒருவரை விடுவிக்க இதைவிட நல்ல கயிறு இல்லை. ஆனால் விண்ணப்பிக்க விற்பனைச் சான்றிதழோ அடையாள அட்டையோ வேண்டும். இல்லாவிட்டால் நகராட்சி தரும் சிபாரிசுக் கடிதம். அந்தக் கடிதத்துக்கு அலைந்து அலைந்து, ஒருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வருவதற்குத் தண்டலே மேல் என்று முடிவு கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இதில் ஆதார் விலாசச் சிக்கல் வேறு. ஓசூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வைத்துக்கொண்டு தினமும் எல்லை தாண்டி வந்து வியாபாரம் செய்கிறவர்கள் நிறைய. சக்தி திட்டத்தில் கர்நாடக விலாசம் உள்ள பெண்களுக்குத்தான் பஸ்ஸில் இலவசம், அது மாநில அரசின் திட்டம், அதன் விதி அப்படி. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் தெரு வியாபாரிகள் சட்டம் வியாபாரியின் சொந்த மாநிலத்தைக் கேட்கவில்லை. தானோ குடும்பத்தாரோதான் விற்பார், வேறு பிழைப்பு இல்லை, இடத்தை வேறொருவருக்கு மாற்றிவிட மாட்டார் என்ற உறுதிமொழிதான் கேட்கிறது. சுற்றுக் கிராமத்திலிருந்து வந்து நகராட்சி எல்லைக்குள் விற்கிறவருக்கும் ஸ்வாநிதியில் இடம் உண்டு. ‘தமிழ்நாட்டு ஆதாரா, அங்கேயே போய்க் கேள்’ என்று கவுன்ட்டரில் யாரும் சொல்லக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், மனுவோடு அலைகிறவர்கள் எத்தனையோ பேர் உங்களை வாழ்த்துவார்கள்.

2025 ஜூலையில் நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். யுபிஐயில் வந்த தொகையைப் பார்த்து வணிகவரித் துறை பெங்களூர் முழுக்கச் சின்னக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது, கடைகளில் ‘நோ யுபிஐ’ என்று அட்டை தொங்கியது. பிறகு முதலமைச்சரே பழைய பாக்கி வசூலிக்கப்படாது என்று சொன்ன பின்தான் அடங்கியது. சரக்கு விற்பவருக்கு வருடத்துக்கு 40 லட்சத்துக்கு மேல் போனால்தான் பதிவு என்ற வரம்பு தள்ளுவண்டிக்கு எட்டாத தூரம். ஆனால் பயம் வரம்பு பார்த்து வருவதில்லை. சம்பள நாளில் 20 பேரின் மாதக் கணக்கு மொத்தமாகப் போனில் வந்து விழும்போது அந்த அக்காவுக்கு அது வருமானமாகத் தெரியவில்லை, வம்பாகத் தெரிந்தது. ஸ்கேனரைக் கழற்றிவிட்டார். டிஜிட்டல் வரவு இருந்தால் ஸ்வாநிதியில் கேஷ்பேக் வரும், அதுவும் போயிற்று. நகராட்சி வளாகத்தில் மாதத்துக்கு ஒருநாள், வரி தெரிந்த ஒருவரையும் பேங்க் ஆள் ஒருவரையும் உட்கார வைத்து, சந்தேகம் தீர்த்து அனுப்பினால் போதும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிஃபன், பூ, காய்கறி வண்டி வைத்திருக்கும் பெண்களில் பலர் முன்னாள் கார்மெண்ட்ஸ் தொழிலாளர்கள். கண் பார்வை மங்கி, மணிக்கணக்கில் மெஷினில் குனிந்து முதுகு போய், டார்கெட் எடுக்க முடியாமல் நின்றவர்கள். பிஎஃப் பணத்தை எடுத்துத்தான் வண்டி வாங்கினார்கள். நிறுவனத்தின் பங்கான பிஎஃப் பணத்தை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது, 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் இதே ஓசூர் சாலையை மறித்து நின்றவர்கள் கார்மெண்ட்ஸ் பெண்கள்தான். 19ஆம் தேதியே விதி வாபஸ் ஆனது. நாடு முழுக்க இருக்கும் தொழிலாளர்களுக்காக அவர்கள் அன்றைக்கு ஜெயித்துக் கொடுத்தார்கள். எந்தச் சங்கத் தலைவரும் அழைத்து வராமல் தாங்களாக வந்தவர்கள். இன்றைக்கு அதே பெண்கள் விடியற்காலை 4 மணிக்கு மாவு, சட்னி, தண்ணீர்க் குடத்தோடு வருகிறார்கள். பகல் 11 மணி வரை கழிப்பறை கிடையாது. அதனால் தண்ணீரே குடிக்காமல் அடுப்பின் முன் நிற்கிறார்கள், சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை வாங்கிப் போகிறார்கள். அந்த மருந்துச் சீட்டைக் காப்பி எடுக்க வருவதும் என் கடைக்குத்தான். ஒவ்வொரு பெரிய கேட்டுக்கும் நடந்து போகும் தூரத்தில் காலை 4 மணிக்குத் திறக்கிற, தண்ணீர் வருகிற, விளக்கு எரிகிற ஒரு கழிப்பறை வேண்டும். இந்த மடலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதை முதலில் செய்யுங்கள்.

பணத்துக்கு வழி உண்டு. உங்கள் நிதியில் 24.10 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், 7.25 சதவீதம் மற்ற ஏழைகளுக்கும் ஒதுக்க வேண்டியது. தள்ளுவண்டிக்காரர்களில் இந்த இரண்டு பிரிவிலும் வராதவர் அபூர்வம். துருப்பிடிக்காத ஸ்டீல் வண்டி, நிழல் குடை, குப்பைக் கூடை, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் அதில் இடமிருக்கிறது. வண்டிகளிடம் வாங்கும் தினச் சீட்டு வசூலையும் பாருங்கள். எத்தனையோ ஊர்களில் அதை டெண்டர் விட்டுவிடுகிறார்கள், எடுத்தவர் துண்டுச் சீட்டில் ஒரு தொகை எழுதி வேறு தொகை வாங்குகிறார். சான்றிதழ் பெற்றவர் மாதத்துக்கு ஒருமுறை நேராக நகராட்சிக் கணக்கில் கட்டட்டும். உங்களுக்கும் வருமானம் தெளிவாக வரும், வியாபாரிக்கும் ரசீது இருக்கும், அந்த ரசீது நாளைக்கு பேங்கில் பேசும்.

அத்திப்பள்ளி பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று பட்டாசுக் கடை கிடங்கில் பற்றிய தீயில் 14 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தீபாவளி சீசன் வேலைக்கு வந்த இளைஞர்கள். படித்துக்கொண்டிருந்த பையன்களும் அதில் உண்டு, ஃபீஸ் கட்டவும் வீட்டுச் செலவுக்கும் வந்தவர்கள். எல்லையோரப் பட்டாசு வியாபாரம் இந்த ஊரின் பிழைப்பில் பெரிய பங்கு. அதை மூடச் சொல்லவில்லை. வெடிபொருள் உரிமம் கொடுப்பது உங்கள் அலுவலகம் இல்லை என்பதும் தெரியும். ஆனால் கட்டடம் இருப்பது உங்கள் வார்டில், ஷட்டர் திறப்பது உங்கள் தெருவில். சீசனுக்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு கிடங்கிலும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள், பின்வாசல் இருக்கிறதா, அது உள்ளிருந்து திறக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்த்து எழுதி வைக்க எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்காது. பெயர் எழுதிய பட்டியல் ஒன்று இருந்தால், ஏதாவது நடந்தால் எந்த ஊரில் எந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டும் என்றாவது தெரியும். பட்டாசு மட்டுமல்ல, பெயின்ட், தின்னர், பழைய பிளாஸ்டிக் கிடங்குகளுக்கும் இதே கணக்கு வேண்டும்.

2025 செப்டம்பரில் பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. அடுத்து சுற்றியுள்ள ஊர்கள் என்ற பேச்சு டீக்கடை வரை வந்துவிட்டது. அப்படி நடந்தால் முடிவெடுக்கும் மேஜை இன்னும் தூரம் போகும். இன்றைக்கு உங்களில் பலர் அந்த வண்டிகளில் நின்று சாப்பிட்டவர்கள், எந்த கேட்டில் யார் நிற்கிறார்கள் என்று பெயரோடு சொல்லத் தெரிந்தவர்கள். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்க இதுதான் சரியான நேரம்.

ஒரே ஒரு நடைமுறை வேண்டுகோள். கணக்கெடுக்க வருகிறவர்கள் அலுவலக நேரத்தில், காலை 11 மணிக்கு வந்தால் கேட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். வண்டி கழுவி வீட்டுக்குப் போயிருக்கும். சாலை காலி என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள், அடுத்த ஐந்து வருடத்துக்கு அதுதான் கணக்கு. ஆகவே காலை 5 மணிக்கு ஒருமுறை, மதியம் ஒன்றரைக்கு ஒருமுறை, இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை அனுப்புங்கள். பார்மை நான்கு பாஷையிலும் படித்துச் சொல்ல எங்கள் பக்கத்தில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், கூடவே வருவார்கள். நகல் எடுக்கும் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓசூர் சாலை ஜெராக்ஸ் கடைக்காரன்